வஹாப் பாய் வீட்டு சைரன்

சைரன் ஊளையிடவில்லை, முனகியது. அதுவும் இரண்டே விநாடி. அதற்குள் வயரிலிருந்து புகை கிளம்பிவிட்டது.

"எடுங்க பாய், வயரை எடுங்க," என்றார் முத்துராஜ்.

அப்துல் வஹாப் பிடுங்கினார். உருகிய பிளாஸ்டிக் விரலில் ஒட்டிக்கொண்டது. விரலை வாயில் வைத்தபடியே முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

"கேட்டீங்களா முத்து? உயிர் இருக்கு."

"உங்க விரலு வெந்து போச்சு பாய்."

"விரலு கிடக்கட்டும். இதுக்கு உயிர் இருக்கு."

போர்ட் பிளேர் பஜாரில் பெயின்ட் கடை வைத்திருக்கும் வஹாபுக்கு ஐம்பத்து மூன்று வயது. போன வெள்ளிக்கிழமை, பழைய தீயணைப்பு வண்டி ஒன்றை இரும்புக்காக உடைத்துக்கொண்டிருந்த இடத்தில் அந்த சைரனைப் பார்த்தார். பெரிய பூசணிக்காய் அளவு, முன்னால் கம்பி வலை, பின்னால் மோட்டார். இந்தக் காலத்து சைரன் மாதிரி ஸ்பீக்கரில் கத்துவது அல்ல. உள்ளே இரும்புச் சக்கரம் சுழன்று, காற்றை உறிஞ்சி, வெட்டி வெட்டித் துப்பும். அந்தக் காற்றுதான் சத்தம். உடைத்துக்கொண்டிருந்தவர் இதைச் சொன்னதுமே வஹாபுக்கு அது இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது என்று ஆகிவிட்டது. ஆட்டோவில் மடியில் வைத்து ஷாதிபூரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அன்றிலிருந்து அவர் கடையில் இருந்த நேரம் குறைவு. துருவைச் சுரண்டினார். பேரிங்குக்கு கிரீஸ் வைத்தார். கடையிலிருந்தே நல்ல சிவப்பாகப் பார்த்து எடுத்து வந்து இரண்டு கோட் அடித்தார். சாப்பிட உட்கார்ந்தால் சைரனைப் பார்த்தபடி உட்கார்ந்தார். மனைவி ஷாஹிதா இரண்டு தடவை எதையோ சொன்னாள். இரண்டு தடவையும் "டீக் ஹை, டீக் ஹை" என்று தலையாட்டினார். என்ன சொன்னாள் என்று அவரைக் கேட்டால் தெரியாது.

இன்று காலை ஷாஹிதா தங்கை வீட்டுக்கு பாம்பூஃப்ளாட் போய்விட்டாள். அவள் ஏறிய படகு அந்தப் பக்கம் போக, அந்தப் பக்கத்திலிருந்து வந்த படகில் முத்துராஜ் இறங்கினார். பாம்பூஃப்ளாட்டில் லாரிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பவர். வஹாப் போனில் கெஞ்சிய கெஞ்சலுக்கு ஒரு நாள் லீவு போட்டு வந்திருந்தார்.

"இது பல்பு எரியுற வயரு பாய்," என்றார் முத்துராஜ். "இந்த மோட்டார் நூறு ஆம்பியர் இழுக்கும். லாரி செல்ஃப் மோட்டாருக்குப் போடுற கேபிள் வேணும். கட்டைவிரல் தண்டி."

"இருக்கா?"

"பையில இருக்கு. உங்க இன்வெர்ட்டர் பேட்டரியில டைரக்டா கொடுக்கலாம். ஆனா சும்மா சுவிட்சு வெச்சா சுவிட்சு எரிஞ்சிடும். நடுவுல ரிலே போடணும்."

"அது?"

"அதுவும் இருக்கு. கழட்டிப் போட்ட லாரியில எடுத்தது." முத்துராஜ் கைப்பிடி அளவு டப்பா ஒன்றை எடுத்துக் காட்டினார். "வெளிய ஒரு சின்ன சுவிட்சு. அழுத்தினா இதுக்குள்ள செம்புத் தகடு ரெண்டும் சேரும், கரண்டு பாயும். கைய எடுத்தா பிரிஞ்சிடும், நின்னுடும்."

வஹாப் ஓடிப்போய் வாசல் காலிங்பெல் சுவிட்சைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

பின்கட்டில் மர பெஞ்சு ஒன்றில் சைரனை நான்கு போல்ட் போட்டு இறுக்கினார்கள். பேட்டரியை இருவரும் சேர்ந்து தூக்கி வந்து பெஞ்சுக்கடியில் வைத்தார்கள். கேபிளை மாட்டும்போது முத்துராஜ், "லூஸா இருந்தா பொறி பறக்கும். நல்லா இறுக்குங்க," என்றார். வஹாப் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து, கழுத்து நரம்பு புடைக்க இறுக்கினார். முத்துராஜ், போகும்போது மறந்துவிடக் கூடாதென்று, ஸ்பேனரை வாங்கிக்கொண்டு போய், வாசலில் நின்ற வஹாபின் ஸ்கூட்டர் டிக்கியில், தன் பைக்குள் பத்திரமாக வைத்துவிட்டு வந்தார்.

எல்லாம் தயாரானதும் முத்துராஜுக்கு ஒரு யோசனை வந்தது.

"பாய், இதைக் கேட்டுட்டு ஜனங்க சுனாமின்னு நெனச்சிட மாட்டாங்களே?"

வஹாபின் கை சுவிட்சுக்கு மேலே நின்றது. எதிர்வீட்டு சுசீலாவின் நினைவு வந்தது. அவள் கணவர் ராமகிருஷ்ணன் கேம்ப்பெல் பேயில் வேலையில் இருந்தபோதுதான் அந்த டிசம்பர் காலை வந்தது. இரண்டு நாள் காட்டு மேட்டில் பச்சைக் குழந்தையோடு இருந்தவள். இன்றும் துறைமுகத்தில் கப்பல் நீளமாக ஹார்ன் அடித்தால், செய்கிற வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள்.

"ஒரே செகண்டு," என்றார் வஹாப். "ஒரு செகண்டுல யாரு என்ன நெனைக்கப் போறாங்க?"

அழுத்தினார்.

அடிவயிற்றிலிருந்து கிளம்பியது அந்தச் சத்தம். உறுமலாக ஆரம்பித்து, ஏறி, பெஞ்சை உலுக்கி, ஜன்னல் கண்ணாடியைத் தடதடக்க வைத்தது. கையை எடுத்தார். சத்தம் மெதுவாக இறங்கி, இறங்கி, ஒரு பெருமூச்சாக அடங்கியது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முத்துராஜின் கையில் ரோமம் சிலிர்த்து நின்றது.

"பாய்," என்றார் முத்துராஜ். "அது பாதிதான் ஏறிச்சு. ஃபுல் ஸ்பீடு வரலை."

"வரலைதானே? எனக்கும் தோணுச்சு."

"இன்னும் ரெண்டு செகண்டு கொடுத்தா வந்துடும்."

சுவரில் கடிகாரம் பதினொன்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. வஹாப் "பிஸ்மில்லா" என்று சொல்லி மறுபடி அழுத்தினார். மூன்று எண்ணினார். சைரன் முழுக் குரலில் பாடியது. உடம்பெல்லாம் இனித்தது அவருக்கு. கையை எடுத்தார்.

சைரன் பாடிக்கொண்டே இருந்தது.

"தானா சுத்தி நிக்கும் பாய்," என்று காதருகே வந்து கத்தினார் முத்துராஜ். "சக்கரம் வெயிட்டு."

நின்றார்கள். சத்தம் இறங்கவில்லை. முத்துராஜ் குனிந்து ரிலேயைத் தொட்டார். தொட்ட வேகத்தில் கையை உதறினார்.

"தகடு ஒட்டிக்கிச்சு."

"என்னது?"

"உள்ள தகடு உருகி ஒட்டிக்கிச்சு. பழைய ரிலேல்ல? இனி சுவிட்சுக்கு அடங்காது. பேட்டரியில கேபிளைக் கழட்டணும்."

"கழட்டுங்க."

"ஸ்பேனர் வாசல்ல இருக்கு."

முத்துராஜ் ஓடினார். வஹாப் வெறும் கையால் நட்டைத் திருகிப் பார்த்தார். அவரே இறுக்கிய நட்டு. அசையவில்லை. இடுக்கியால் திருகினார். இடுக்கி வழுக்கி, நட்டின் மூலை மழுங்கியதுதான் மிச்சம்.

ஒரு நிமிடமாயிற்று. முத்துராஜ் வரவில்லை. வஹாப் வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்தார்.

தெரு முழுக்க ஜனம். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, பை, தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் கவரில் காகிதங்கள் என்று தூக்கிக்கொண்டு எல்லோரும் மேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். மேட்டின் உச்சியில் பள்ளிக்கூட மைதானம். "சலோ, ஊப்பர் சலோ," என்று யாரோ வங்காளிக்காரர் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தின் நடுவில் முத்துராஜின் தலை தெரிந்தது. இரண்டு பேர் அவர் இரு கையையும் பிடித்து மேலே கூட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். முத்துராஜ் திரும்பித் திரும்பி வஹாப் வீட்டைக் காட்டி ஏதோ சொன்னார். அவர்கள் தலையாட்டிக்கொண்டே இழுத்தார்கள். பையும் அவர் தோளில் போனது.

வஹாப் தெருவில் இறங்கினார்.

"நில்லுங்க," என்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். "ஒண்ணுமில்ல. போகாதீங்க. குச் நஹி, குச் நஹி."

சைரனுக்கு முன்னால் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. அவர் கையாட்டியதைப் பார்த்து நான்கு பேர் வேகமாக நடந்தார்கள். ராமகிருஷ்ணன் மட்டும் அவரிடம் வந்து தோளைப் பிடித்தார்.

"வாங்க பாய், டைம் போகுது," என்று காதில் கத்தினார்.

"சார், இது சுனாமி இல்ல. என் வீட்டுச் சத்தம்."

"வீட்டை அப்புறம் பார்த்துக்கலாம். வாங்க."

வஹாப் கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடினார். ஓடும்போது ராமகிருஷ்ணனுக்குப் பின்னால் சுசீலா போவதைப் பார்த்தார். அவள் உதடுகள் இறுகியிருந்தன. மார்போடு ஒரு ஃபைலை அணைத்திருந்தாள். வஹாபுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது.

சத்தத்தையாவது குறைக்கலாம் என்று கட்டிலில் போர்த்தும் பஞ்சு ரஜாயை உருவி வந்து சைரன் மேல் போட்டார். சைரன் அதை வலையோடு சேர்த்து உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. காற்று அடைத்துக்கொண்டதும் சக்கரத்துக்கு வேலை குறைந்து, மோட்டார் இன்னும் வேகமெடுத்தது. இதுவரை ஊளையாக இருந்தது இப்போது கீச்சென்று வானத்தைக் கிழித்தது. ஷாஹிதா நிக்காஹுக்கு வந்த ரஜாய். இழுத்தார். பாதி கையோடு வந்தது. பஞ்சு பின்கட்டு முழுக்கப் பறந்தது.

பேட்டரி தானாகத் தீரட்டும் என்று விட்டால்? இன்னும் ஒரு மணி நேரம் அது இப்படியே கத்தும். அந்த ஒரு மணி நேரத்தில் மேட்டில் ஏறும் கூட்டத்தில் யாராவது விழுந்தால்? யாருக்காவது நெஞ்சு அடைத்துவிட்டால்? வஹாப் பஞ்சுக்கு நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் தேங்காய் வெட்டும் அரிவாள் சாத்தியிருந்தது. மரக் கைப்பிடி.

கண்ணை மூடிக்கொண்டு கேபிளில் ஒரு போடு போட்டார். பாதி வெட்டியது. இரண்டாவது போட்டில் நீலமாக ஒரு பொறி வெடித்து, அரிவாள் கையை விட்டு எகிறிப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. கேபிள் இரண்டாயிற்று.

அப்போதும் சைரன் உடனே நிற்கவில்லை. சாவகாசமாக, ஒவ்வொரு படியாக இறங்கி, ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொண்டு ஓய்ந்தது. அத்தனை பயத்திலும் வஹாப் அந்த இறக்கத்தை நின்று கேட்டார். அவ்வளவு அழகாக இருந்தது. பிறகு செருப்புக்கூடப் போடாமல் மேட்டுக்கு ஓடினார்.

ஏறும்போதே என்ன சொல்வது என்று மனதுக்குள் கோத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். வேறு வழியில்லை. சுசீலாவின் காலில் விழவும் தயாராக இருந்தார்.

மைதானத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. யாரும் அழவில்லை. வஹாபுக்கு அதுதான் இன்னும் பயம். அதிர்ச்சியில் அழுகைகூட வராமல் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். முத்துராஜ் ஒரு மரத்தடியில் கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு எழுந்து, "பாய், இங்க வாங்க, ஒரு விஷயம்," என்றார். வஹாப் அவரைப் பார்க்காமல் தாண்டிப் போனார். சுசீலா ஃபிளாஸ்கிலிருந்து டம்ளரில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சுசீலாம்மா, என்னை மன்னிச்சிடுங்க," என்றார் வஹாப்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். லுங்கி கிழிந்திருந்தது. தாடி முழுக்கப் பஞ்சு.

"முதல்ல உக்காருங்க பாய். டீ குடிங்க."

அவளுக்கும் புத்தி கலங்கிவிட்டது என்று வஹாப் முடிவு செய்தார். நேராக மைதானத்து நடுவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போனார். கழுத்தில் அரசாங்க அடையாள அட்டை, உமா மகேஸ்வரி என்று பெயர். முன்னால் தடித்த நோட்டு. பக்கத்தில் ஒரு போலீஸ்காரர்.

வஹாப் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். விலங்கு போடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று.

"மேடம், சுனாமி இல்ல. எதுவும் இல்ல. அது என் வீட்டு சைரன். பழைய ஃபயர் வண்டி சைரன். ஒரு செகண்டுன்னு நெனச்சு அழுத்தினேன், ரிலே ஒட்டிக்கிச்சு. இத்தனை பேரையும் ஓட வெச்சது நான்தான். அந்த முத்துராஜுக்கு இதுல சம்பந்தமில்ல. என்னை மட்டும் கூட்டிட்டுப் போங்க."

உமா மகேஸ்வரி தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தாள்.

"பேரு?"

"அப்துல் வஹாப்."

"வீட்டு நம்பர்?"

சொன்னார்.

"வயசு?"

"அம்பத்து மூணு." வஹாப் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. "வீட்டுக்காரிக்கு ஒரு போன் பண்ணிக்கலாமா மேடம்?"

அவள் பக்கங்களைப் புரட்டினாள். ஒரு தாளில் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டி, ஒரு இடத்தில் நிறுத்தி, சிவப்புப் பேனாவை எடுத்து நிதானமாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"என்ன கேஸு மேடம்?" என்றார் வஹாப்.

"கேஸெல்லாம் இல்ல பாய், இன்னிக்குப் பதினொரு மணிக்கு சுனாமி ஒத்திகை, உங்க கேட்டுலயே நோட்டீஸ் ஒட்டியிருக்கு, எங்க சைரன் ஜீப் இன்னும் வந்து சேரல, உங்க சைரன் கேட்டு மொத்த ஷாதிபூரும் பத்து நிமிஷத்துக்குள்ள மேல ஏறித் தப்பிச்சிடுச்சு, நேரத்துக்குள்ள வராம லிஸ்ட்டுல செத்துப் போனது நீங்க ஒருத்தர்தான்."