உயிரோடு இருப்பவர் வாங்கிக்கொண்ட மலர்வளையம்

மோராவா ஆற்றங்கரை,
மே மாதம், தேர்தல் முடிந்த செவ்வாய்க்கிழமை.

அருமை மாப்பிள்ளை ஹர்வோயே அவர்களுக்கு,

மாமனார் மிலுதின் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மாமியார் நெவென்காவும் சௌக்கியம். அங்கு லியுப்லியானாவில் நீங்களும் டுன்யாவும் குட்டி லூகாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நிற்க. தாங்கள் அனுப்பிய மலர்வளையம் வியாழக்கிழமை பிற்பகல் ஓர் இதழ்கூட வாடாமல் வந்து சேர்ந்தது. சம்பந்தப்பட்டவரே வாசலுக்கு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

"அவர் சாகலை, மிச்சத்தை அப்பா எழுதுவார்" என்று மட்டும் போனில் சொல்லிவிட்டு நெவென்கா வைத்துவிட்டாளாமே. அவளுக்கென்ன, சொல்லிவிட்டு முட்டைக்கோஸ் நறுக்கப் போய்விட்டாள். எழுத வேண்டியவன் நான். எழுதுவதற்கு முன்னால் தங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். கடந்த இரண்டு வருடமாக இந்த ஊரில் தங்கள் பெயர் ஹென்ரிக். தாங்கள் ஆஸ்திரியாக்காரர், பல் வைத்தியர். கோபப்படாமல் மேலே படியுங்கள், மாப்பிள்ளை.

வுகாஷினை உங்களுக்குத் தெரியாது. என் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன், டுன்யாவுக்கு ஞானத்தகப்பன், அவனுடைய அப்பா எனக்கு ஞானத்தகப்பன். இந்த 'கூம்' உறவை உங்கள் பக்கத்திலும் ரத்த உறவுக்கு மேலாகவே வைப்பார்கள் என்று டுன்யா சொல்லியிருக்கிறாள், அதனால் விளக்க வேண்டியதில்லை. மாடு பன்றிகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மறுநாளே தாய்நாட்டுக் காவலர் கட்சியின் ஊர்த் தலைவன் ஆகிவிட்டான். வாரம் தவறாமல் சதுக்கத்தில் மேடை. "ஐரோப்பியக் கூட்டமைப்புக்குள்ள போனா உன் வீட்டு முற்றத்துல பன்னி அறுக்க முடியாது, உன் பிளம் பழத்துல நீ சாராயம் காய்ச்ச முடியாது!" என்பான், கூட்டம் கொதிக்கும். அடுத்து நம் இரண்டு நாடும் அடித்துக்கொண்ட போரை இழுத்து உங்கள் நாட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவான். அதை நான் எழுத மாட்டேன். இப்படிப்பட்டவனிடம் போய், "கூம், என் மகள் ஹர்வோயே என்கிற குரோவேஷியாக்காரனைக் கட்டிக்கொண்டாள்" என்று எப்படிச் சொல்வது? நாக்கில் ஹென்ரிக் என்று வந்துவிட்டது. ஒரு பொய் சொன்னால் போதுமா? "ஹென்ரிக் எப்ப வருவாரு, என் கடைவாய்ப் பல்லைக் காட்டணும்" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடமாகக் கேட்கிறான். லூகா பிறந்ததைச் சொல்லவே இல்லை. சொன்னால் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நின்று மெழுகுவர்த்தி பிடிக்க உரிமையோடு கிளம்பிவிடுவான். டுன்யாவோ, "என் புருஷன் பேரை நீ கூம்கிட்ட சொல்லு, அன்னிக்கே பிள்ளையைத் தூக்கிட்டு வரேன்" என்று ஒரே பிடி. நாங்கள் வரலாம் என்றால் விசாவுக்குப் பதினோரு காகிதம் கேட்கிறார்கள், ஒன்பது கொடுத்தேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேரன் பிறந்து ஆறு மாதம், மாப்பிள்ளை. போட்டோவைத்தான் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். நெவென்கா பார்க்காத நேரத்தில் அழுதும் இருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை ரொட்டி வாங்கப் போனேன், கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். பேக்கரி முன்னால் இருக்கிற மரத்தில்தான் ஊரில் யார் போனாலும் மரண அறிவிப்பை ஆணியால் அடிப்பார்கள். அங்கே கறுப்புக் கட்டம் போட்டு, நடுவில் வுகாஷின் படம், கீழே பிறந்த வருடம், ஞாயிற்றுக்கிழமை அனைவரும் வருக என்று ஏதோ. முந்தாநாள்தானே அவனோடு தாயம் உருட்டினேன், ஏமாற்றினான் என்று திட்டவும் திட்டினேன்! அங்கிருந்தே டுன்யாவுக்குப் போன் போட்டு, "கூம் போயிட்டாம்மா" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அழுததில் பொய் இல்லை. என்ன நடந்தது என்றால், தேர்தலுக்காகக் கட்சி அனுப்பிய சுவரொட்டியில் வேட்பாளரான தன் படம் சின்னதாக இருக்கிறது என்று இவன் ரோஷப்பட்டு, உள்ளூர் அச்சுக்காரன் ட்ரிஃபுனிடம் தனியாக அடிக்கக் கொடுத்திருக்கிறான். ட்ரிஃபுன் ஆயுசுக்கும் மரண அறிவிப்பைத் தவிர வேறெதுவும் அடித்ததில்லை. அவனிடம் இருப்பது ஒரே கட்டம். ஒட்டச் சொன்னதும் பழக்கதோஷத்தில் அந்த மரத்திலேயே கொண்டுபோய் அடித்துவிட்டான்.

நான் காப்பிப்பொடியும் சர்க்கரையும் ஒரு புட்டிச் சாராயமும் எடுத்துக்கொண்டு துக்க வீட்டுக்குப் போனால், எனக்கு முன்னால் பாதி ஊர் அங்கே. அவன் பெண்டாட்டி ரூஷா வாசலில் திருதிருவென்று விழிக்கிறாள். நாலு பேர் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுகிறார்கள். அப்போது கொட்டிலுக்குள்ளிருந்து, முழங்கை வரை ரத்தத்தோடு, பன்றிக்குப் பிரசவம் பார்த்த கோலத்தில் பிணம் வெளியே வந்தது.

"யாருடி செத்தது?" என்றான்.

"நீங்கதானாம்" என்றாள் ரூஷா.

பேக்கரிக்காரி அங்கேயே மயங்கி விழுந்தாள். விஷயம் தெளிந்த பிறகாவது கூட்டம் கலைய வேண்டுமே? கொண்டுவந்த சாப்பாட்டைத் திருப்பி எடுத்துப் போகக் கூச்சம், அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். துக்க வீட்டு வழக்கப்படி தரையில் ஒரு சொட்டு ஊற்றி, கோப்பையை இடிக்காமல் குடித்துவிட்டு, அவனை எதிரில் வைத்துக்கொண்டே, "நல்ல மனுஷன்யா, பனியில நடந்து வந்து என் பசுவைக் காப்பாத்தினான்" என்கிறார்கள். கட்சியைப் பற்றி ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே, கிடையாது. "கோப்பையை இடிங்கடா! நான் உயிரோட இருக்கேன்டா!" என்று அவன் கத்துகிறான். அந்த நேரம் பார்த்துப் பூக்கடை வண்டி வந்து நின்றது.

நீங்கள் எங்கள் ஊர்ப் பூக்கடைக்கே போன் போட்டு இரண்டு மணி நேரத்தில் வளையம் அனுப்புவீர்கள் என்று நான் கனவா கண்டேன்? வெள்ளை ரோஜா, தங்க எழுத்தில் நாடா. வுகாஷின் கையைத் துடைத்துக்கொண்டு, மேடையில் படிக்கிற குரலில் உரக்கப் படித்தான்: "எங்கள் அருமைக் கூம் வுகாஷினுக்கு, கண்ணீருடன், டுன்யா, ஹர்வோயே, குட்டி லூகா."

"ஹர்வோயேயா? ஏன் கூம், ஹென்ரிக் எங்க?"

எனக்கு மூளை நின்றுவிட்டது. "போயிட்டான்" என்றேன்.

"அவனுமா? ஒரே நாளிலயா?"

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஹென்ரிக் என்று ஒருவன் இல்லை, பல் வைத்தியம் இல்லை, மாப்பிள்ளை பாலம் கட்டுகிற இன்ஜினியர், ஊர் ஜாக்ரெப், பெயர் ஹர்வோயே, போதுமா என்று கேட்டேன். சாராயப் புட்டியைத் தூக்கி எறிவான் என்று ஒதுங்கி நின்றேன். அவன் எறியவில்லை. "லூகா யாரு?" என்றான்.

"பேரன். ஆறு மாசம்."

"ஆறு மாசமா! பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகலை, நான் இங்க கல்லுக்குண்டாட்டம் உட்கார்ந்திருக்கேன், எனக்குச் சொல்லலை! ஏன்டா மிலுதின், என்னை என்னன்னு நினைச்சே?"

"நீதானே கூம் மேடையில..."

"அது மேடை! மேடையில நான் ஆயிரம் கத்துவேன். பிள்ளை பொறந்ததை மறைப்பியா?" தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். அடித்துவிட்டு அந்த வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்போது அவன் கட்சியின் மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ரூஷா எடுத்தாள். இரங்கல் ஒரு வார்த்தை இல்லை. அவனுக்குப் பதிலாக வேட்பாளர் பட்டியலில் யார் பெயரைப் போடுவது, வீட்டிலுள்ள ஒலிபெருக்கியை எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டார்கள். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "பதினெட்டு வருஷம் இவனுங்களுக்குத் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். ஒரு பூ அனுப்பினானுங்களா? பூ அனுப்பினவன் யாரு பாரு!" என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு முன்னால் அழுதான். நானும் அழுதேன். பேக்கரிக்காரி எழுந்து எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பா பக்கம் போக வேண்டும் என்றவர்கள் நாட்டில் ஜெயித்துவிட்டார்கள், நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரிலும் வுகாஷின் தோற்றான். பக்கத்துக் கிராமங்களில் பாதிப்பேர் அவன் செத்ததை நம்பிவிட்டார்கள், மறுப்பு அங்கே போய்ச் சேரவில்லை. நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று இந்த முறை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "போ, போ" என்றான், அவ்வளவுதான். விசாவே இல்லாமல் போகலாம் என்ற பேச்சும் அடிபடுகிறது. அப்பாடா! இரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது, மாப்பிள்ளை. நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாலு மணி நேரம் தூங்கினேன்.

ஆகவே பயமில்லாமல் வாருங்கள். உங்கள் சபைக் கோயிலா எங்கள் சபைக் கோயிலா, எந்தப் பாதிரியார் என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாமாம், மெழுகுவர்த்தியை மட்டும் அவன்தான் பிடிப்பானாம். அரசியலை அடியோடு விட்டுவிட்டான், மேடைப் பக்கமே போவதில்லை என்று லூகா மேல் சத்தியம் செய்திருக்கிறான். வீட்டோடு, சத்தமில்லாமல், நாம் ஏழு பேர் மட்டும். தங்கள் தாயாருக்கு என் வணக்கம். டுன்யாவுக்கு முத்தம். லூகாவின் இரண்டு பாதங்களுக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்
மிலுதின்

பின்குறிப்பு: தபாலில் போடாமல் வைத்திருந்த உறையைப் பிரித்து வியாழக்கிழமை எழுதுகிறேன். வுகாஷின் ஐரோப்பாக் கட்சியில் சேர்ந்துவிட்டான். ஊர்க் கிளைக்குத் தலைவனே அவன்தான். ஞானஸ்நானம் சதுக்கத்தில், பித்தளை வாத்தியத்தோடு, மேடை போட்டு. அண்டை நாட்டு நட்பைப் பற்றித் தாங்கள் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். டுன்யா அனுப்பிய கல்யாணப் படத்திலிருந்து தங்கள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சுவரொட்டியும் அடித்தாயிற்று. அதே ட்ரிஃபுன், அதே கட்டம், அதே மரம். ஆகையால், யாராவது அங்கே மலர்வளையம் அனுப்புவதற்குள், இந்தக் கடிதம் கிடைத்தவுடன் ஜாக்ரெப்புக்குப் போன் போட்டு, தாங்கள் உயிரோடு இருப்பதைத் தங்கள் தாயாருக்குச் சொல்லிவிடவும். இங்கே காலையிலிருந்து முப்பது பேர் காப்பிப்பொடியோடு வந்துவிட்டார்கள். "நம்ம ஹர்வோயே, எவ்வளவு நல்ல பையன்" என்று முற்றத்தில் அழுதுகொண்டிருக்கிறார்கள்.