நீதிபதி கண்ணுக்கு மை

கோர்ட்டு கைப்பேசிக்குள் வந்துவிட்டது. வழக்குக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே நீதிபதி முன் ஆஜராகலாம். இவ்வளவு வசதி வந்தபின் ஒரு சாமியார் வராமல் இருப்பாரா? வந்தார். ஜெராக்ஸ் கடை மாடியில் அறை பிடித்தார். மாடிப்படி முழுக்கக் கைப்பேசியும் கையுமாகக் கூட்டம்.

"நீதிபதியோட பொல்லாத பார்வை கேமரா வழியாத்தான் வருது. என் மை அதைத் தடுக்கும்!" என்பார் மை சாமியார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். ஏதோ முணுமுணுத்து, கேமரா மேல் கட்டைவிரலால் ஒரு அப்பு அப்புவார். சுவரில் பலகை: 'என்னிடம் வந்தவர் எவரும் தோற்றதில்லை.' எப்படித் தோற்பார்கள்? எல்லாருக்கும் வாய்தாதான்!

அந்த வரிசையில் ஒரு தையல்காரி. வாடகை பாக்கி என்று சொல்லி, ஏழு மாதமாக அவள் கடைக்குக் கட்டடச் சொந்தக்காரர் பூட்டுப் போட்டிருந்தார். தையல் மிஷின் உள்ளே, பிழைப்பு தெருவிலே. மூன்று விசாரணை, மூன்று வாய்தா. திரையில் தன் கட்டம் கறுப்பாகத் தெரிந்ததும், மை நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அவளுக்குப் பூரிப்பு வேறு! நாளைக்கும் முகம் காட்டாவிட்டால் மனு தள்ளுபடி என்று நீதிபதி சொல்லிவிட்டார். அதனால் இன்னும் கெட்டியாக மை வாங்க வந்திருந்தாள்.

கூடவே அவள் நாத்தனார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை.

"சாமி, கொஞ்சம் உங்க கண்ணாடியைக் குடுங்க" என்று வாங்கியவள், அவருடைய மையையே இரண்டு பக்கமும் அப்பி, அவர் மூக்கிலேயே மாட்டிவிட்டாள்.

"இப்ப அந்தப் பலகையைப் படிங்க."

"என்னிடம் வந்தவர் எவரும் தோற்றதில்லை!"

கூட்டம் கைதட்டியது. மனப்பாடத்துக்கும் கைதட்டும் கூட்டம் அது.

"சரி, இது எத்தனை விரல்?"

சாமியார் முழித்தார். "நாலு!"

"விரலே காட்டலை சாமி. செருப்பைக் காட்டினேன்."

மாடிப்படியே சிரித்தது. நாத்தனார் தையல்காரியின் கைப்பேசியை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். திரையில் தையல்காரியின் முகம் பளிச்சென்று வந்தது.

"அண்ணி, இத்தனை நாளும் நீதிபதி பார்த்தது இந்த மையைத்தான். உங்களை எங்கே பார்த்தாரு?"

தையல்காரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சாமியார் மைக் கண்ணாடியோடு தடவித் தடவிப் படியிறங்கி ஓடினார்.

மறுநாள் பதினொரு மணிக்கு, "இப்பத்தாம்மா உங்க முகத்தைப் பார்க்கிறேன்" என்றார் நீதிபதி. தையல்காரி வாடகை ரசீதுகளைக் கேமரா முன் ஒவ்வொன்றாகக் காட்டினாள். பூட்டைத் திறக்க உத்தரவு வந்தது.

சாயங்காலம் நாத்தனார் வேலை செய்யும் கடை வாசலில் வரிசை! முன்னால் நின்றவர் பயபக்தியோடு கேட்டார்: "தாயே, நீங்க துடைச்ச துணியிலே ஒரு துண்டு கிடைக்குமா?"

"துடைக்கிறதுக்கு எந்தத் துணியும் போதும்யா, உங்க சட்டை நுனிகூடப் போதும். யோசிக்கிறதுக்குத்தான் சொந்தத் தலை வேணும். அதை எந்தக் கடையிலயும் விக்கறதில்லை!"