பேருக்கு ஒரு ராஜா

இனி இந்த வீட்டில் தான்தான் ராஜா என்று ராஜா சார் முடிவு செய்தார். முடிவு செய்த இடம் குளியலறை. கதவைத் திறப்பதற்குள் தைரியம் பாதி வடிந்துவிட்டது. மீதியைத் துண்டோடு சேர்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

ராஜா சார் என்பது ஆபீசில் அவருக்கு வைத்த பேர். கம்ப்யூட்டரில் ராஜாக்கள் நாடு பிடிக்கும் விளையாட்டு ஒன்றுக்கு விதி எழுதுவது அவர் வேலை. தெருவில் அந்தப் பேர் செல்லாது. அவர் மனைவி தையல்காரி. தெருவில் பாதிப் பேர் போட்டிருப்பது அவள் தைத்த துணி. மீதிப் பேர் போட்டிருப்பது அவள் பிரித்துத் தைத்த துணி. அதனால் தெருவுக்கு அவர் வெறும் 'தையல்காரம்மா வீட்டுக்காரர்'. பார்சல் கொண்டுவருகிறவன்கூட அப்படிக் கேட்டுத்தான் நீட்டுவான்.

போகட்டும். இப்போதைய சண்டை பின்னறைக்கு. கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்ய அவருக்கு அது வேண்டும். கூடத்தில் கிடக்கும் மெஷினைப் போட அவளுக்கு அது வேண்டும்.

ஆபீசிலும் ஒரு சிக்கல். ஒவ்வொரு ராஜாவுக்கும் எவ்வளவு புகழ் என்று விளையாட்டு கணக்கு வைக்கவேண்டும். அவர் எழுதிய விதியில் ராஜா போருக்கே போகவில்லை. அரண்மனையில் படுத்துக்கொண்டு தனக்குத் தானே சிலை வைத்தான். புகழ் விறுவிறுவென்று ஏறியது. திங்களுக்குள் இதைச் சரிசெய் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஒரே கல்லில் இரண்டையும் அடிக்க ராஜா சார் திட்டம் போட்டார். அந்த விளையாட்டை வீட்டிலேயே ஆடிப்பார்ப்பது. ஆளுக்கொரு கண்ணாடி டம்ளர். நல்ல காரியம் செய்து பேர் வாங்கினால் டம்ளரில் ஒரு பட்டன். ஞாயிறு சாயங்காலம் யாருக்குப் பட்டன் அதிகமோ அவர்களுக்குப் பின்னறை.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"சரிங்க. ஆனா தன் பேரைத் தானே சொல்லிக்கிட்டா பட்டன் கிடையாது. வெளியாள் வாயால வரணும்."

ராஜா சாருக்குச் சிலிர்த்துப்போனது. சிலை வைக்கும் சோம்பேறி ராஜாவுக்கு இதுதானே மருந்து. ஓடிப்போய் அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினார். திரும்பி வந்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குச் சிரிக்கிறே?"

"ஒண்ணுமில்லீங்க. பட்டன் எடுத்து வைக்கிறேன்."

வெளியாளாக மாடிவீட்டு ரிட்டயர்டு கண்டக்டரைப் பிடித்தார்கள். பட்டன் போடும் அதிகாரமும் அவருக்கே. ஓசிப் பயணம் என்றால் சொந்த மச்சானையே இறக்கிவிட்ட மனிதர்.

ராஜா சார் முதலில் சமையலறைக் குழாயைப் பிடித்தார். வருஷக்கணக்காகச் சொட்டிய குழாய். அதை ஒரு வழியாக அடக்கிவிட்டுக் கண்டக்டரைக் கூட்டிவந்து காட்டினார். அவர் திறந்தார், மூடினார், காதை வைத்துக் கேட்டார். சொட்டவில்லை.

"எப்படியோ தம்பியை வேலை செய்ய வச்சிட்டியேம்மா. நீ கெட்டிக்காரி."

டங். அவள் டம்ளரில் பட்டன்.

அடுத்து மாடிப்படி முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். படி பளபளத்தது. பாராட்டலாம் என்று இறங்கிவந்த கண்டக்டர் பாராட்டும் இடத்துக்கு முன்னாலேயே வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அவள்தான் தைலத்தோடு ஓடினாள். டங்.

இனி நல்லதெல்லாம் உதவாது, அவள் பேரைக் குறைப்போம் என்று ராஜா சார் எதிர்ப்பக்கம் தாவினார். சட்டையில் பட்டன் இல்லாத இடத்தைக் கண்டக்டரிடம் விரித்துக் காட்டினார். ஊருக்கெல்லாம் தைக்கிறாள், கட்டினவன் கதியைப் பாருங்கள் என்று புலம்பினார். கண்டக்டர் சட்டையைப் பார்த்தார். பிறகு டம்ளர்களைப் பார்த்தார்.

"பட்டனையெல்லாம் இவர் பந்தயத்துக்கு வாங்கி வச்சுக்கிட்டு, தைக்கலைன்னு அந்தப் பொண்ணைக் குத்தம் சொல்றாரு. இவரோட குடும்பம் நடத்துதே, அதுவே பெரிசு."

டங்.

ஞாயிறு மத்தியானம் அவர் டம்ளரில் அவள் மறந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். அவ்வளவு காலியாக இருந்தது.

கடைசியாக ஒரு அம்பு மிச்சம். புது விதியை ஆபீசுக்கு அனுப்பியிருந்தார். சாயங்காலம் முதலாளி போன் செய்வார். அவரும் வெளியாள்தானே. அவர் யாரைப் புகழ்கிறாரோ அவருக்கே அறை, டம்ளர் கணக்கை விட்டுவிடுவோம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். ஜெயிக்கப்போகிறவள் இதற்கு ஒத்துக்கொள்வாளா என்று அவருக்கே சந்தேகம். அவள் உடனே தலையாட்டினாள். அப்போதாவது அவர் யோசித்திருக்கவேண்டும்.

போன் வந்தது. கண்டக்டர் உட்பட எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். முதலாளி குரலில் தேன் வழிந்தது. ராஜாக்கள் சிலையை விட்டுவிட்டு ஏரி வெட்டுகிறார்களாம், பக்கத்து நாட்டான் வாயால் பேர் வாங்க அலைகிறார்களாம். பிரமாதமாம். ராஜா சார் தொண்டையைச் செருமினார். அதற்குள் பின்னாலிருந்து அவள் குரல்.

"எல்லாம் அவர்தான் சார் செஞ்சது. ராப்பகலா உக்காந்து உழைச்சாரு. நான் சும்மா ஒரு விதி சொன்னேன், அதையெல்லாம் கணக்குல எடுக்காதீங்க."

"எந்த விதிம்மா?"

"தன் பேரைத் தானே சொல்லிக்கிட்டா செல்லாதுன்னு."

முதலாளி மேஜையைத் தட்டுவது போனில் கேட்டது.

"அதுதானேம்மா மொத்த விளையாட்டும். சொன்னதும் நீங்க, பேரைப் புருஷனுக்கு விட்டுக்கொடுக்கிறதும் நீங்க. உங்களை மாதிரி ஆளை நான் பாத்ததே இல்லம்மா."

கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனை எடுத்தார். டங்.

மெஷின் அன்றைக்கே பின்னறைக்குப் போனது. தூக்கிக்கொண்டு போனது ராஜா சார்தான். போகட்டும், ஆபீசிலாவது நாம் ராஜா என்று மனதைத் தேற்றிக்கொண்டு திங்கட்கிழமை கிளம்பினார். முதலாளி அவருக்கு முன்னாலேயே வந்து கதையை எல்லாருக்கும் சொல்லி முடித்திருந்தார். வாசலில் காவல்காரர் மரியாதையாக எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார்.

"வாங்க வாங்க, தையல்காரம்மா வீட்டுக்காரரே."