தராசில் ஏறிய நிலா

பயத்தை வீட்டை விட்டே துரத்துவது என்று கஸ்பார் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தான். அதற்கு ஆயுதமும் கொண்டுவந்தான்: மருந்துக்கடையில் வாடகைக்குக் கொடுக்கிற குழந்தைத் தராசு.

பயத்தைக் கொண்டுவந்து குடிவைத்தவனும் அவன்தான். நாலு மாதக் குழந்தை மனோனுக்கு எடை போதாது என்று தாதி முகத்தைச் சுளித்துவிட்டுப் போயிருந்தாள். மனைவி ஒதில் அழுதாள். அழுகிற பெண்டாட்டிக்கு மற்றப் புருஷன்மார் சூப் வைத்துக் கொடுப்பார்கள். கஸ்பார் விளக்கம் கொடுத்தான்.

அணுவுக்குள் இருக்கும் சின்னத் துகள்களுக்குத் தம்மளவில் கனமே கிடையாது என்றான். கண்ணுக்குத் தெரியாத ஒரு புலம் எங்கும் நிறைந்திருக்கிறது, தொட்டிலுக்குள்ளும் இருக்கிறது, அதோடு ஒட்டி உறவாடுகிற துகளுக்குக் கனம் வருகிறது, ஒட்டாத வெளிச்சம் ஓடிவிடுகிறது என்றான்.

"அது பிடிய விட்டா?" என்றாள் ஒதில்.

"விடாது, என் முட்டைக்கோசே" என்று செல்லம் கொஞ்சினான்.

"விட்டா?"

கஸ்பாருக்குப் பொய் வராது. விட்டால் அணு என்று ஒன்று நிற்காது, தொட்டிலும் பிள்ளையும் கலைந்து போகும் என்றான். அவள் வெளுத்துப் போனதைக் கண்டதும் அவசரமாகத் தேற்றினான். மனோனின் எடையில் அந்தப் புலம் தருவது நூற்றில் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் துகள்கள் கூண்டுக்குள் அடைபட்டு ஓயாமல் ஓடுகிற வேகம். அந்த வேகம்தான் நமக்குக் கனமாகத் தெரிகிறது.

"அப்ப என் தெள்ளுப்பூச்சிப் பிள்ள முச்சூடும் வெறும் துடிப்புத்தானா? உள்ள வேற ஒண்ணுமே இல்லையா?"

அன்றோடு ஒதிலுக்கு மிச்சமிருந்த தூக்கமும் போயிற்று.

நவம்பர் மாதம். ஏரியிலிருந்து எழுந்த மூடுபனி கிராமத்தின் மேல் மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டது. எதிர்வீடு இருக்கிறதா என்பதே நம்பிக்கை சார்ந்த விஷயமாகிவிட்டது. உருளைக்கிழங்கு வயலுக்கு நூறு மீட்டர் அடியில், கஸ்பார் வேலை பார்க்கும் பெரிய வளையச் சுரங்கத்தில் அணுத்துகள்கள் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. மேலே, தொட்டிலில், மனோன் கூரையின் ஒரு மூலையையே பார்த்துச் சிரித்தாள். அங்கே ஒன்றுமில்லை.

கஸ்பாருக்கு வேறு கவலை. கட்டுப்பாட்டு அறையில் ஆறு வாரம் மாலை முறை வேலை காத்திருந்தது. வீட்டில் கேட்காமலே பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டான். அதனால்தான் தராசு. பத்து நாள், சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளையை நிறுப்பது. தாளில் எடைக்கோடு ஏறினால் ஒதில் பயத்தை விட்டுவிட்டு அவனை அனுப்ப வேண்டும். ஏறாவிட்டால் அவன் வீட்டோடு இருப்பான்.

எடையைப் பார்க்கிறவனுக்கு ஆசை இருந்தால் கண் ஏமாற்றும். ஆகவே அவன் தொழிலில் விடையை மறைத்து வைத்துத்தான் அளப்பார்கள். அதையே வீட்டிலும் கொண்டுவந்தான். ஒதில் தன் மனசுக்குத் தோன்றிய ரகசியக் கணக்கை எழுதி உறையில் ஒட்டிவிட வேண்டும். தராசு காட்டுவதோடு அதைக் கூட்டி அவனிடம் சொல்ல வேண்டும். அவன் முதுகைக் காட்டி நின்று குறித்துக்கொள்வான். தராசைத் தொடமாட்டான். பத்தாம் நாளுக்கு முன் உறையைத் திறக்கிறவன் மனுஷனே இல்லை.

ஒதில் அரைமணி நேரம் சமையலறையில் உட்கார்ந்து எழுதி, நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

முதல் நாள் ஐயாயிரத்து முந்நூறு கிராம். இரண்டாம் நாள் இருபது குறைந்தது. மூன்றாம் நாள் இன்னும் நாற்பது. ஐந்தாம் நாள் எண்ணைக் கேட்டதும் கஸ்பாரின் பென்சில் நின்றது. பிள்ளையை வாங்கித் தூக்கிப் பார்த்தான். கனமாக இருந்தாளா, இல்லையா? கை பதில் சொல்லவில்லை. மனோன் அவன் தோளுக்கு மேலாக அந்த மூலையைப் பார்த்துக் கையாட்டினாள்.

ஏழாம் நாள், நாலாயிரத்துத் தொள்ளாயிரம். எட்டாம் நாள் திடீரென்று ஏறியது.

அப்போதுதான் அவன் குறித்த எண்களைக் கோடாக வரைந்து பார்த்தான். இந்த வளைவை அவன் அறிவான். நிலா உச்சிக்கு வரும்போது பூமி மூச்சிழுத்த மாதிரி லேசாக உப்பும். இருபத்தேழு கிலோமீட்டர் வளையமும் ஒரு மில்லிமீட்டர் நீளும். அதைக் கணக்கிட்டுச் சரிசெய்வதுதான் அவன் பிழைப்பு. ஏழாம் நாள் ஆறு மணிக்கு, மூடுபனிக்கு மேலே எங்கோ, நிலா சரியாக உச்சியில் இருந்திருக்கிறது. நிலா இழுத்து ஒரு பிள்ளையின் எடை குறைய வேண்டுமானால் அரை மில்லிகிராம் குறையலாம். நானூறு கிராம் எப்படிக் குறையும்? எது பிடியை விடுகிறது?

உறையை இரண்டு தரம் கையில் எடுத்தான். இரண்டு தரமும் தொழில் மானம் தடுத்தது. மறுநாள் காலையில் வேலைக்குப் போனதும் பட்டியலில் தன் பெயரை அடித்தான். மத்தியானமே வீட்டுக்கு வந்து பிள்ளையைச் சட்டைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டான்.

பத்தாம் நாள் நிறுத்து முடித்ததும் உறையைத் திறந்தான். உள்ளே இருந்தது ஒரே எண் இல்லை. நாளுக்கு ஒன்றாகப் பத்து வரிகள்.

"ஒரே எண்ணத்தானே தெனமும் கூட்டணும்?"

"அப்படின்னு நீ சொல்லவே இல்லையே. நிலாக் கணக்கு சுவத்துல தொங்குற பஞ்சாங்கத்துலயே இருக்கு."

"நிலா எதுக்கு?"

"பேய்னு சொன்னா நீ பயப்பட மாட்ட. திருடன்னா கதவப் பூட்டுவ. கோடு நிலாவோட ஒத்துப்போனாத்தான உனக்குக் குலை நடுங்கும்."

கஸ்பார் கழித்துப் பார்த்தான். பிள்ளை நாளுக்கு இருபத்தைந்து கிராம் வீதம் கொழுத்திருந்தாள். கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தவன் ஏழாம் வரியில் நின்றான். அங்கே சைபர். அப்படியானால் அன்று மட்டும் பிள்ளையின் எடை நிஜமாகவே சரிந்திருக்கிறது.

"இதுல என்ன கூட்டின?"

"அன்னிக்கு நான் எதையுமே கூட்டல. தராசு காட்டினதத்தான் சொன்னேன்."

அவள் முகம் தேவாலயத்தில் சிறகு விரித்து நிற்கும் சம்மனசு முகம் மாதிரி அவ்வளவு பரிசுத்தமாக இருந்தது. கஸ்பார் அந்த மூலையை நிமிர்ந்து பார்த்தான். பிள்ளையும் பார்த்தாள்.

"ஒதில், நெஜமாவா? வெளையாடாத."

"நாலு மாசமா அவள இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நான் ஒருத்தியே முழிச்சிருந்தேன். பயத்துக்கும் முறை போடணும்ல? இனிமே உன் முறை, என் முட்டைக்கோசே. பிடிய விட்டுராத."

மணி ஏழுகூட ஆகவில்லை. பிள்ளையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு அவன் மூலையை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றபோது, பக்கத்து அறையிலிருந்து ஒதிலின் குறட்டைச் சத்தம் கேட்டது.