அட்டைப் பொடி இருந்த மால்ட் டப்பா

நுகர்வுப் பண்பாடு என்ற பாடத்தை ஏன் எடுத்தீர்கள் என்று என்னைக் கேட்காத ஆளில்லை. மேல்படிப்புக்குப் போனபோது கேட்டார்கள், வேலைக்குப் போனபோது கேட்டார்கள், மாணவர்கள் இன்றும் கேட்கிறார்கள். சமூகம், சந்தை, அந்தஸ்து என்று நானும் வாய் வலிக்கப் பேசுகிறேன். உண்மையான காரணம் ஒரு டப்பா. அந்த டப்பாவால் என் அக்காவின் கல்யாணம் நின்றுபோனது. இதை நேர்காணலில் சொன்னால் வேலை கொடுப்பார்களா?

எழுபதுகளின் நடுவில் நான் மூணாறில் ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குத் தேயிலை பேக்டரியில் வேலை. அம்மாவும் அக்கா எஸ்தரும் கொழுந்து கிள்ளப் போவார்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் எஸ்டேட் லயத்தில் எங்களுக்கும் ஒரு வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி. மழை மாதங்களில் சுவர் வியர்க்கும், துணி காயாது, அம்மாவின் இருமல் நிற்காது.

இந்த லட்சணத்தில் எங்கள் வீட்டு அலமாரியைப் பார்த்தால் ஏதோ துரை வீடு என்று நினைப்பீர்கள். பிஸ்கட் டப்பா, ஜாம் பாட்டில், காப்பித்தூள் டப்பா, நடுநாயகமாகப் பெரிய மால்ட் டப்பா. எல்லாம் காலி, மிஞ்சினால் வீட்டுப் பொடி எதையாவது போட்டுவைத்திருப்போம். பங்களா சமையலறையில் வேலை பார்த்த மாமா, துரை தின்று தீர்த்ததையெல்லாம் கழுவிக் கொண்டுவந்து தருவார். லயத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். லேபிள் வெளியே தெரிகிற மாதிரி அடுக்கிவைப்போம். எந்த வீட்டில் எத்தனை டப்பா என்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. அடுத்த வீட்டு டப்பாவை யாரும் கையில் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். எடுத்தால் கனம் தெரிந்துவிடுமே! அப்படி ஒரு நாகரிகம்.

அந்த அலமாரிக்கு நான்தான் அதிகாரி. பாடப்புத்தகத்தைவிட லேபிள்களில்தான் நான் அதிகம் இங்கிலீஷ் படித்தேன். பள்ளிக்கூடத்தில் எஸ்டேட் ஆபீஸ் ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளைகள் பளபளவென்ற காகிதத்தைப் பிரித்து மிட்டாய் தின்பார்கள். கீழே போடும் காகிதத்தைப் பொறுக்கி, விரலால் நீவி, சயின்ஸ் புத்தகத்துக்குள் வைத்து மோந்து பார்ப்பேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஒருநாள் டீச்சர் இங்கிலீஷில் கேட்டபோது, மால்ட் டப்பாவின் பின்பக்கத்தை ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். (குடித்திருந்தது கேப்பைக்கூழ்.) டீச்சர் மெச்சினார். அன்றே என் தலை கனத்துப்போயிருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் உடும்பஞ்சோலையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஏலக்காய் ஸ்டோரில் வேலை. பெயர் தேவசகாயம். சபைக் கூட்டத்தில் அக்கா அவரை ஏற்கெனவே பார்த்திருந்தாள். கொழுந்துக் கூடையோடு வந்து, "அவரு நல்லா பாடுவாரு" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அதிகம் பேசாத அக்காவுக்கு அதுவே பெரிய பிரசங்கம். அவள் மனசு எனக்குத் தெரியும். அதனால்தான் அலமாரியை அவ்வளவு சிரத்தையாக அலங்கரித்தேன். தேங்காயெண்ணெய் தொட்டு ஒவ்வொரு லேபிளையும் மினுக்கினேன்.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு பொட்டலம் ஏலக்காய். ஜெபம் முடிந்தது, பேச்சு இனித்தது. அம்மா டீத்தண்ணி கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அம்மா கையை ஆட்டினார்.

"வேண்டாம் மதினி. எனக்கு வயித்துல புண்ணு, டீத்தண்ணி ஆகாது. அந்தா இருக்குல்லா மால்ட்டு, அதுல ஒரு வாய் கலக்கித் தாங்க. டாக்டரு அதத்தான் குடிக்கச் சொல்லுதாரு. எங்க பக்கம் எங்க கிடைக்கு?"

அம்மாவின் முகம் செத்துவிட்டது. அந்த டப்பாவில் இருந்தது அட்டைப் பொடி. தேயிலைக் காட்டில் அட்டை கடிக்காமலிருக்கக் காலில் தேய்த்துக்கொள்ளும் புகையிலைத்தூளும் சுண்ணாம்பும் உப்பும்.

"இதோ அத்தை!" என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தாள். "கிரேசு, வேண்டாம்ட்டி. இல்லைன்னு சொல்லிருவோம்" என்றாள்.

"இல்லைன்னா நம்ம மானம் என்னாகுறது?" என்றேன். மானத்தைக் காப்பாற்றுகிற பொறுப்பை யார் என்னிடம் கொடுத்தார்களோ!

வறுத்த கேப்பை மாவைப் பாலில் காய்ச்சி, கருப்பட்டி போட்டு, அவர்கள் கொண்டுவந்த ஏலக்காயையே தட்டிப் போட்டுக் கலக்கினேன். நிறம் அப்படியே லேபிளில் இருந்த படம். இரண்டு டம்ளரில் ஊற்றி மாப்பிள்ளைக்கும் அவர் அம்மாவுக்கும் கொடுத்தேன். டப்பாவையும் மறக்காமல் பழைய இடத்தில் வைத்தேன்.

மாப்பிள்ளை சத்தமில்லாமல் முழுவதையும் குடித்தார். அவர் அம்மா ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடினார். "என்ன ருசி! காசு குடுத்து வாங்குத சரக்கு சரக்குதான். நம்ம வீட்டுல எதைக் கலக்குனாலும் இந்த மணம் வருமா?" என்றார். அம்மா மூச்சு விட்டாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாணம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"பேரப் பாத்துக்கிடுதேன், இவனை வாங்கிட்டு வரச் சொல்லணும்" என்றபடி அவர் எழுந்து போய் டப்பாவைக் கையில் எடுத்தார். ஏலக்காய்க் காட்டுக்காரருக்கு எங்கள் லயத்து நாகரிகம் எப்படித் தெரியும்? மூடியைத் திறந்தார். ஆசையாக மூக்கருகே வைத்து இழுத்தார்.

அவர் தும்மிய தும்மலில் அடுத்த வீட்டுக் கோழிகள் கத்தின. கண்ணில் தண்ணீர் கொட்ட, "என்னதுட்டி இது?" என்று கேட்டார்.

"அட்டைப் பொடி" என்றேன். (வாழ்க்கையில் உண்மை பேச நான் தேர்ந்தெடுத்த நேரத்தைப் பாருங்கள்.)

"ஐயையோ! புகையிலையக் கரைச்சுக் குடுத்துட்டாளே! பிள்ளையும் குடிச்சிட்டானே!" என்று அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். தொண்டைக்குள் விரலை விட்டுக் குடித்ததை எல்லாம் கக்கினார். கக்கியதும் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். லயமே கூடிவிட்டது. பெஞ்சில் படுக்கவைத்து எஸ்டேட் டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா, அக்காவோடு நானும் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன்.

கம்பவுண்டர் மலையாளி. நாடியைப் பிடித்துக்கொண்டு என்ன குடித்தார் என்று விசாரித்தார். அங்கேதான் எனக்குப் பேச்சு வந்தது. "அத்தை, பயப்படாதீங்க! நீங்க குடிச்சது அந்தப் பொடி இல்ல, கேப்பை மாவு!"

கம்பவுண்டர் சிரித்தார். "கேப்பையோ? அது வயிற்றுக்கு நல்லதாணல்லோ!"

படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். தலைசுற்றல் போன இடம் தெரியவில்லை. "கேப்பையா?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "விஷம்னாக்கூடத் தெரியாம நடந்துபோச்சுன்னு விட்டிருப்பேன் மதினி. சம்பந்தம் பேச வந்தவளுக்கு டப்பாவக் காட்டிக் கேப்பையக் கலக்கிக் குடுத்திருக்கீங்க. டப்பாவே இப்படின்னா, பொண்ணு எப்படியோ?"

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பலனில்லை. தேவசகாயம் அக்காவை ஒருமுறை பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அவ்வளவு நன்றாகப் பாடுகிறவருக்கு ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லை. ஜீப் போய்விட்டது.

அம்மா என்னை விறகுக்கட்டையால் அடித்தாள். வலித்தது அதல்ல. லயத்தில் ஒருவர்கூட எங்களைக் கேலி செய்யவில்லை. எல்லார் முகத்திலும் கோபம்தான் இருந்தது. எங்கள் டப்பா திறந்ததில் எல்லார் டப்பாவும் திறந்துகொண்டதே. அக்கா அந்த இரண்டு டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்தாள். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு படிப்பு வந்திருக்காது.

ஏனென்றால் அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. அந்த அம்மாள் குடித்தது ஒரே டம்ளர்தான். மால்ட் என்று நினைத்தபோது அது அமிர்தம், புகையிலை என்று நினைத்தபோது விஷம், கேப்பை என்று தெரிந்ததும் அவமானம். டம்ளருக்குள் இருந்தது மாறவே இல்லையே, பின்னே அவர் குடித்தது எதை? கல்லூரியிலும் அதையே கேட்டேன், அதற்கு ஒரு பாடம் இருக்கிறது என்றார்கள், சேர்ந்துவிட்டேன். பதில் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. சம்பளம் கிடைக்கிறது.

அக்காவுக்கு வேறு இடங்கள் வந்தன. எதற்கும் அவள் தலையாட்டவில்லை. கொழுந்து கிள்ளிக்கொண்டு அதே வீட்டில் தங்கிவிட்டாள். இன்றும் எங்கள் குடும்பத்தில் விருந்தாளிக்குக் காப்பி கலந்தால் யாராவது ஒருவர் அடுப்படியைப் பார்த்து, "அட்டைப் பொடி போட்டாச்சா?" என்று குரல் கொடுப்பார். முதலில் சிரிப்பது அக்காதான். எனக்குத்தான் அந்த நேரத்தில் சிரிப்பு வருவதில்லை.

முதல் சம்பளத்தில் ஒரு மால்ட் டப்பா வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். எங்கள் வீட்டுக்கு நிறைந்து வந்த முதல் டப்பா அதுதான். அக்கா அதைக் கையில் வைத்துக் கனம் பார்த்தாள். காதருகே குலுக்கினாள். பிறகு முந்தானையால் துடைத்து, லேபிள் வெளியே தெரியும்படி அலமாரி நடுவில் வைத்துவிட்டு, எனக்குக் கேப்பை காய்ச்ச உட்கார்ந்தாள்.

"தொறக்கலையாக்கா?"

"எதுக்குட்டி? தொறந்தா காலியாயிரும்லா."