கைதட்டி வைத்தியர்

கைதட்டி வைத்தியர் என்றொரு இனம் உண்டு. படிப்பு வேண்டாம், இரண்டு உள்ளங்கை போதும். உங்கள் குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை என்று யாரிடமாவது வாய்தவறிச் சொல்லிப் பாருங்கள், அடுத்த நிமிடமே அதன் முதுகுக்குப் பின்னால் நின்று படாரென்று தட்டி, அது திடுக்கிட்டு அழுததும், "பாத்தியா? காது நல்லாவே கேக்குது, போய் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் ஜோவெலினுக்கு வாய்த்தவர் அவளுடைய தாய்மாமன் தெலஸ்போரோ. முன்னாள் கவுன்சிலர். அவள் மகள் தெஸ்ஸாவுக்கு இரண்டு வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. மாமா ஏற்கெனவே தட்டு, சட்டிமூடி, பந்தயச் சேவல், கரோக்கே மைக் என்று எல்லாக் கருவிகளாலும் குழந்தையைப் பரிசோதித்து முடித்திருந்தார்.

ஜோவெலினுக்கு ஒரு விடை வேண்டும். எந்த விடையானாலும் சரி, தெரியாமல் இருப்பதுதான் அவளை அரித்தது. ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது: தூங்கும் குழந்தையின் காதில் டிக் டிக்கென்று ஒலி கொடுத்து, மூளை எத்தனை சீக்கிரம் பதில் சொல்கிறது என்று பார்ப்பார்கள், ஆட்டிசம் இருக்குமோ என்று மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்பதற்கு அதில் ஒரு குறிப்புக் கிடைக்கலாம். ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு. குழந்தை தூங்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அதற்காகவே மகளை விடியுமுன் எழுப்பி, விழிக்க வைத்தே கொண்டுவந்திருந்தாள்.

ஒன்பது மணிக்குத் தெஸ்ஸா கண்ணயர்ந்தாள். பரிசோதகர் மாரிவிக் அவள் நெற்றியில் மூளையின் பதிலைப் பதிவு செய்யும் வில்லையை ஒட்டினார். அந்த நேரம் பார்த்து, நூடுல்ஸ் சட்டியும் ஏழு உறவினர்களும் சூழ மாமா உள்ளே நுழைந்தார். நுழைந்தவர் என்ன செய்தார்? வேறென்ன செய்வார்? தட்டினார்.

குழந்தை வீறிட்டது.

"பாத்தியா, மெஷினே தேவையில்ல."

"மாமா, அவ தூங்கணும்."

"தூங்கினா எப்படிம்மா காது கேக்கும்? நான் கவுன்சிலரா இருந்தப்ப..."

"இன்னைக்கு விட்டா இனி ஆகஸ்ட்லதான் மாமா. புதன்கிழமை டாக்டர் முடிவு சொல்றேன்னிருக்காங்க."

"முடிவ நான் சொல்றேன்."

ஜோவெலின் வீறிடும் குழந்தையை வாரி எடுத்தாள். மாரிவிக் அவளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"ஐயா, பெரியவங்களுக்குத்தான் முதல்ல பாக்கணும். படுங்க. பேசக்கூடாது, கண்ணத் திறக்கக்கூடாது."

முதல் மரியாதை என்றால் மாமா எங்கும் படுப்பார். நெற்றியில் வில்லையை ஒட்டிய மூன்றாம் நிமிடம் தூங்கிப்போனார். குறட்டை மட்டும் வந்தது, கருத்து வரவில்லை. பக்கத்து அறையில் தெஸ்ஸாவும் தாய் மடியில் மறுபடி தூங்க, சோதனை ஒழுங்காக முடிந்தது.

மாமா எழுந்ததும் மேசையில் கிடந்த தாளை எடுத்தார். உறவினர்கள் சுற்றி நின்றார்கள்.

"இந்த மேடு பள்ளத்தப் பாருங்க. யார் என்ன சொன்னாலும் உள்ள ஏறாத மூளை இது. நான் அப்பவே சொன்னேன்ல?"

"அது உங்க தாள், மாமா," என்றாள் ஜோவெலின்.

மாமா தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "அப்ப மெஷின் ரிப்பேர்," என்றார். "சரி, பிள்ளைக்கு முடிவு என்னைக்குச் சொல்வாங்க?"

ஜோவெலின் தோளில் தூங்கும் மகளோடு, ஐந்து மாதத்துக்குப் பின் முதல் முறையாகச் சிரித்துக்கொண்டே வெளியே நடந்தாள்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. என்றைக்கு என்றுதான் அவள் முன்பே சொன்னாளே, எந்தக் கிழமை? நினைவில்லையா? மேலே போய்த் தேடாதீர்கள். பேசாமல் படுங்கள், மாரிவிக்கிடம் இன்னும் வில்லை மிச்சம் இருக்கிறது.