தலைவர் பிறந்த தீவு

பிறப்புச் சான்றிதழை டீயில் நனைத்தால் எழுத்து அழிந்துவிடும் என்று கோல்மன் முல்கெரின் நம்பினார். அழியவில்லை. தாள் பழுப்பேறி, முன்பைவிடப் பழமையும் மரியாதையும் கூடி, "பிறந்த இடம்: கில்பரன் மருத்துவமனை" என்ற வரி மட்டும் பளிச்சென்று எடுப்பாகத் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் பால் விடட்டுமா?" என்று கேட்டாள் அவர் மனைவி டெலியா.

கோல்மன் தாளை அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் காயப் போட்டுவிட்டு அதையே முறைத்துக்கொண்டு நின்றார்.

பாஸ்டன் நகரத்து டார்செஸ்டரில் இருக்கும் இனிஷ்லாரா தீவினர் சங்கத்துக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை தலைவர் தேர்தல். இனிஷ்லாரா அயர்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கிறது. வரைபடம் போடுகிறவர்கள் அவசரத்தில் இருந்தால் விட்டுவிடுகிற அளவுள்ள தீவு. தலைவராகிறவர் மார்ச் மாதத்துப் புனித பேட்ரிக் ஊர்வலத்தில் பச்சைப் பட்டையைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு சங்கத்துக்கு முன்னால் நடப்பார். கோல்மன் முப்பத்து நாலு வருஷமாகப் பதாகையின் இடது கம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தவர். அத்தனை வருஷத்தில் ஊர்வலத்தில் அவர் கண்டது ஆறு தலைவர்களின் முதுகுகள். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதருக்கு, முன்னால் இன்னொரு முதுகு போய்க்கொண்டே இருந்தால் எப்படியிருக்கும்?

இந்தத் தடவை முதுகு தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவர் போன வருஷமே வேலையைத் தொடங்கிவிட்டார். போட்டி என்று பார்த்தால் டெர்மட் ஹானன் ஒருவர்தான். குழாய் வேலைக் காண்ட்ராக்டர். சங்க மண்டபத்துப் பெண்கள் கழிப்பறையை இலவசமாகச் சரிசெய்து பாதி ஓட்டுகளை அப்போதே வாங்கி வைத்திருந்தார். ஆனால் டெர்மட்டின் அப்பா அம்மா தீவுக்காரர்களே தவிர, டெர்மட் பிறந்தது பாஸ்டனில். ஆகவே கோல்மன் ஒரு விதி கொண்டுவந்தார்: "தீவு மண்ணில் பிறந்தவரே தலைவராகலாம். அப்படிப் பிறந்தவரிடம் வேறு எந்தத் தகுதியும் கேட்கப்படாது." இரண்டாவது வாக்கியத்தைத் தன்னை மனத்தில் வைத்துச் சேர்த்தார்.

விதிக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொன்னதும் தீவுக்காரர் இருபத்தெட்டுப் பேரின் கைகளும் ஒரே வீச்சில் எழுந்தன. சாண்ட்விச்சுக்குக் கடுகு விழுது தடவலாமா என்று பதினோரு வாரம் சண்டை போட்ட சங்கம் அது. தன் பேச்சுதான் அவர்களை உருக்கிவிட்டது என்று கோல்மன் நினைத்துக்கொண்டார்.

பேச்சு உருக்கமானதுதான். தான் பிறந்த இரவைப் பற்றி அவர் ஒவ்வொரு விருந்திலும் பேசுவார். புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. கடல் வீட்டுக்குள் வந்தது. முதல் வருஷங்களில் தண்ணீர் வாசற்படி வரைக்கும் வந்தது, பிறகு முழங்கால் வரைக்கும் ஏறியது, கடைசியாகப் பேசியபோது தொட்டில் மிதந்து, ஒரு கடல்நாய் உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

இதைக் கேட்டு நெகிழ்ந்த டெர்மட்தான் ஒருநாள் வெள்ளை மனத்தோடு சொன்னார்: "அண்ணே, விதின்னு ஒண்ணு வந்தாச்சு. சான்றிதழை ஒரு தடவை காட்டிடுங்க. அப்புறம் நானே என் கையால பட்டையை மாட்டி விடறேன்."

இப்படியாகத்தான் சான்றிதழ் டீயில் விழுந்தது.

"இதெல்லாம் ஒரு பிழைப்பா? கில்பரன்ல பொறந்தேன்னு சொல்லிட்டுப் போயேன்," என்றாள் டெலியா.

"கரைக்காரிக்கு இது புரியாது."

டெலியா தீவுக்கு எதிர்க்கரையான கில்பரனைச் சேர்ந்தவள். ஆகவே சங்கத்தில் துணை உறுப்பினர். துணை உறுப்பினர்கள் டீ போடலாம், சோடா ரொட்டி வெட்டலாம், கப் கழுவலாம். ஓட்டு மட்டும் கிடையாது. அவளுடைய அம்மா பீங்கான் சாமான்களைப் படகில் ஏற்றித் தீவு தீவாகப் போய் விற்றவள். ஒரு தடவை புயலில் மூன்று வாரம் இனிஷ்லாராவில் மாட்டிக்கொண்டாளாம். "அந்தத் தீவுல நான் பட்ட வலி எந்த ஜென்மத்துக்கும் போதும்" என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் தீவின் விருந்தோம்பலை இப்படிக் குறை சொன்ன மாமியாரைக் கோல்மன் கடைசி வரை மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமைச் சீட்டாட்டத்தில் கோல்மன் இரண்டாவது யோசனையை இறக்கினார். சான்றிதழ் டீ பட்டுப் பாழாகிவிட்டது என்று வருத்தத்தோடு அறிவித்தார். அது ஒரு வகையில் உண்மை. பிறகு, சாட்சி இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்டபடியே பெக் அத்தையின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். பெக்குக்கு எண்பத்தாறு வயது. அயர்லாந்துப் பெருநிலத்து மேயோவில் பிறந்து, எங்கெங்கோ வேலை பார்த்து, கடைசியில் ஒரு தீவுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர்.

"அத்தை, நான் பொறந்தப்ப நீங்க இருந்தீங்கதானே?"

"இருந்தேனாவா? உன்னை முதல்ல குளிப்பாட்டினதே நான்தாண்டா. என்னா ஊளைங்கறே. அந்த வராந்தாவுல..."

கோல்மன் ஒரு பெரிய கேக் துண்டை அவர் கையில் கொடுத்தார். பெக்குக்கு ஒரே சமயத்தில் பேசவும் தின்னவும் வராது. தின்பதைத் தேர்ந்தெடுத்தார்.

மண்டபம் கைதட்டியது. டெர்மட்டின் கண்கள் கலங்கிவிட்டன. அதுதான் வினையாகப் போயிற்று. இப்படிப்பட்ட பிறப்புக்கு அத்தாட்சி இல்லாமல் போகலாமா என்று அவர் அன்று மாலையே அயர்லாந்துப் பதிவு அலுவலகத்துக்குச் சொல்லி, கோல்மனின் சான்றிதழுக்குப் புதுப் பிரதி ஒன்றை விரைவுத் தபாலில் வரவழைத்துவிட்டார். வந்ததைப் பிரிக்காமலே பெரிதாக்கி, கில்ட் ஃபிரேம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மேடைக்குப் பின்னால் மாட்டுவதாக ஏற்பாடு. மேலே ஒரு விளக்கும் உண்டு. விளக்குக்கான ஒயரை டெர்மட்டே இழுத்துவிட்டிருந்தார்.

"பிரிக்காம எப்படிடா பெரிசாக்குவே?" என்று கேட்டார் கோல்மன்.

"அதுக்குத்தான் அண்ணே சனிக்கிழமை ஸ்டூடியோவுக்குப் போறேன். அங்கே பிரிச்சுக்குவாங்க."

அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருந்தது. அன்று கோல்மன் அவசரக் கூட்டம் கூட்டி, மூன்றாவது யோசனையைப் பாரம்பரியம் என்ற பெயரில் கொண்டுவந்தார். சங்கத்துக்கு அறுபது வயதாகிறது. தனி ஒருவனின் சான்றிதழைச் சுவரில் மாட்டுவது தற்பெருமை. எல்லா உறுப்பினர்களும் தங்கள் பிறப்புச் சான்றிதழை உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்கட்டும். இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்போம். ஐம்பது வருஷம் கழித்துப் பேரப்பிள்ளைகள் திறந்து பார்த்து நம்மை நினைத்துக் கண்ணீர் விடட்டும்.

ஐம்பது வருஷம் கழித்துத் தனக்கு நூற்றுப் பதினாலு வயதாகும், அப்போது வருவதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு.

கூட்டம் இதற்கும் ஆர்ப்பரிக்கும் என்று எதிர்பார்த்தார். ஆனால் மண்டபத்தில் திடீரென்று எல்லோருக்கும் இருமல் வந்தது. எழுபது வயது ஃபெஸ்டஸ், தீவுக்காரர்களில் மூத்தவர், தன்னுடையதை ஆடு தின்றுவிட்டது என்றார். இன்னொருவருடையது சிட்னியில் தங்கையிடம் இருந்தது. மூன்றாமவர் தன் சான்றிதழை மனைவியின் சவப்பெட்டியில் வைத்துவிட்டதாகச் சொன்னார். மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

இவர்களுக்கெல்லாம் பாரம்பரியத்தின் அருமை தெரியவில்லையே என்று கோல்மனுக்குக் கோபம் வந்தது. "தர முடியாதுங்கறவங்க கையைத் தூக்குங்க. பேரைக் குறிச்சுக்கறேன்," என்றார்.

ஒரு கைகூட எழவில்லை.

"டீ போடறவங்களும் தரணும். யாரையும் விடப்போறதில்லை," என்று அவர் முடித்தார். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது அவருக்கு நிறுத்தத் தெரியாது.

டெர்மட் எழுந்து வந்து, ஸ்டூடியோவை ரத்து செய்துவிட்டதாகச் சொல்லி, பதிவு அலுவலகத்து உறையைப் பிரிக்காமல் அப்படியே கோல்மனிடம் கொடுத்தார். கோல்மன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த அணைப்பில் பொய் எதுவும் இல்லை.

அன்று மாலை வீட்டில் டெலியாதான் முரண்டு பிடித்தாள். நாற்பத்தொரு வருஷமாக அந்த வீட்டில் இரண்டு பிஸ்கட் டப்பாக்கள். அவர் காகிதங்கள் அவர் டப்பாவில், அவள் காகிதங்கள் அவள் டப்பாவில்.

"என்னுது எதுக்கு? வேண்டாம் கோல்மன். கூச்சமா இருக்கு."

"வயசைக் குறைச்சுச் சொல்லியிருக்கே. அதானே?"

டெலியா தன் டப்பாவைத் திறந்தாள். "அப்படியே வெச்சுக்கோ," என்றாள்.

"உன் வயசை எவன் பார்க்கப் போறான்? அம்பது வருஷத்துக்கு அது பெட்டிக்குள்ள தூங்கும். கொடு இப்படி." மனைவி மடித்துக் கொடுத்ததைப் பெருந்தன்மையோடு பிரித்துப் பார்க்காமல், உறையிலிட்டு, தானே நாக்கால் நனைத்து ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, மண்டபம் நிரம்பி, ஹாம் சாண்ட்விச் மலை பாதியாகக் குறைந்திருந்தது. மேடையில் பச்சைப் பட்டை தட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இரும்புப் பெட்டி. அதற்கும் பக்கத்தில் சங்கச் செயலாளர் அட்ராக்டா டூகன், இருபத்தெட்டு வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர், கையில் காகிதம் வெட்டும் கத்தியோடு உட்கார்ந்திருந்தார்.

"அது எதுக்கு?" என்றார் கோல்மன்.

"பிரிக்கறதுக்கு. உள்ளே என்ன இருக்குன்னு பதிவேட்டுல ஏத்தாம பெட்டியில போட இது என்ன கோயில் உண்டியலா, மிஸ்டர் முல்கெரின்?"

கோல்மன் கதவைப் பார்த்தார். அங்கே டெர்மட் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழலாமா என்று யோசித்தார். மண்டபத்தில் ஓய்வு பெற்ற நர்ஸ்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். நடிப்பு எடுபடாது.

அட்ராக்டா தீவுக்காரர்களின் உறைகளை முதலில் எடுத்தார். முதல் உறை ஃபெஸ்டஸுடையது. ஆடு அதைத் தின்னவில்லை போலிருக்கிறது.

"பிறந்த இடம், கில்பரன் மருத்துவமனை," என்று கோர்ட்டில் படிக்கிற குரலில் படித்தார்.

மண்டபமே ஃபெஸ்டஸைத் திரும்பிப் பார்த்தது. ஃபெஸ்டஸ் கூரையைப் பார்த்தார். கோல்மனுக்கு ஒரு நிமிஷம் உள்ளே குளிர்ந்தது. தனக்குத் துணைக்கு ஓர் ஆள் இருக்கிறான்.

"கில்பரன் மருத்துவமனை," இரண்டாவது.

"கில்பரன் மருத்துவமனை," மூன்றாவது.

பத்தாவது உறைக்கு மேல் யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் சாண்ட்விச்சின் உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். பதினேழாவதாகக் கோல்மனின் உறை பிரிந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கில்பரன் மருத்துவமனை" என்று படித்துவிட்டு அட்ராக்டா அடுத்ததை எடுத்தார். ஒருவரும் நிமிரக்கூட இல்லை. முப்பது வருஷம் புயலும் தொட்டிலும் கடல்நாயுமாகக் கட்டிய கோட்டை விழுந்தது, ஒரு சத்தமும் இல்லை. கோல்மனுக்கு அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

இருபத்தெட்டாவது கில்பரனும் முடிந்தது.

அன்றைக்குக் கிடைத்த கேக்கைத் தின்று முடித்திருந்த பெக் அப்போதுதான் வாய் திறந்தார். "இதுல என்ன அதிசயம்? தீவு மருத்துவச்சி கிளீவ்லண்டுக்குப் போனப்புறம் அங்கே யாரு பிள்ளை பெத்தா? மாசம் முத்தினா படகேறி கில்பரனுக்கு வருவாங்க. நான்தான் வார்டுல ஆயா. உங்க எல்லாரையும் நான்தானே குளிப்பாட்டினேன். ஃபெஸ்டஸு மட்டும்தான் அழாம இருந்தான்."

ஃபெஸ்டஸ் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

டெர்மட் மெதுவாக மேடைக்கு வந்தார். அவர் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "அப்ப விதிப்படி தலைவராக ஒருத்தரும் இல்லையா? ஊர்வலத்துக்கு முன்னாடி யாரு நடக்கறது? அண்ணே, பேசாம விதியை எடுத்துடலாம். நீங்களே நில்லுங்க, நான் ஓட்டுப் போடறேன்."

கோல்மனுக்கு மூச்சு திரும்பியது. நல்ல மனிதர் டெர்மட். எல்லாம் கூடி வருகிறது. இருபத்தெட்டுப் பேரும் ஒரே படகில் இருக்கும்போது யார் யாரைக் கேட்கப் போகிறார்கள்? பட்டையிருந்த தட்டை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்.

"உட்காருங்க மிஸ்டர் முல்கெரின். துணை உறுப்பினர் உறை இன்னும் பிரிக்கலை," என்றார் அட்ராக்டா. "யாரையும் விடக்கூடாதுன்னு தீர்மானம். முன்மொழிந்தவர் நீங்க."

பெக்கின் உறையில் மேயோ. அடுத்ததில் கால்வே. அதற்கடுத்த உறையைப் பிரித்து அட்ராக்டா படிக்க ஆரம்பித்து, நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். அவர் கண்ணாடியைத் துடைத்து அந்த மண்டபத்தில் யாரும் பார்த்ததில்லை.

"பிறந்த இடம், இனிஷ்லாரா. பாதிரியார் வீட்டு அடுப்படி. தாயின் தொழில், பீங்கான் வியாபாரம்."

மாமியார் அந்தத் தீவில் பட்ட வலி எப்படிப்பட்ட வலி என்பது கோல்மனுக்கு நாற்பத்தொரு வருஷம் கழித்து விளங்கியது. மார்ச் மாதம் பதாகையின் இடது கம்பைப் பிடித்துக்கொண்டு தான் பார்க்கப்போவது யார் முதுகு என்பதும் கூடவே விளங்கியது.

அட்ராக்டா விதியின் இரண்டாவது வாக்கியத்தை ஒரு தடவை உரக்கப் படித்துவிட்டு, பட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து, சமையலறைக் கதவைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"தலைவரம்மா, அந்த டீ கெட்டிலை உங்க வீட்டுக்காரர் கையில கொடுத்துட்டுக் கொஞ்சம் மேடைக்கு வாங்க."